மேற்கு ஜன்னலுக்கு ஒரு கதவு

எத்திராஜ் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஜன்னல் கதவுகளையும் ஸ்கூல் வேனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். சத்தமே வரவில்லை. சத்தமில்லாமல் எதையும் செய்யப் பழகிவிட்ட கை. கோடை வந்ததிலிருந்து இந்த வீட்டில் பகலில் குக்கர் வைப்பதில்லை, வாளியை இழுப்பதில்லை, காலிங்பெல்லின் வயரையே அவன் கழற்றிவிட்டான். உள்ளே தமயந்தி தூங்குகிறாள். தூங்குகிறாளா, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா என்று கதவைத் திறந்து பார்க்கவும் பயம். திறந்தால் அந்தச் சின்ன முனகலுக்கே விழித்துக்கொள்வாள். ராத்திரி முழுவதும் ஆஸ்பத்திரி வார்டில் இயந்திரங்களின் கூவலுக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பவளுக்குப் பகலில் மட்டும் காதை மடக்கி வைக்க முடியுமா என்ன. சத்தத்தைக்கூட ஒருவழியாக அடக்கிவிட்டான். பக்கத்து வீட்டுக் கோகிலா மிக்ஸியைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டாள், கோலமாவு விற்கிற ஆள் இந்தச் சந்தில் மட்டும் வாயைத் திறக்காமல் போகிறான். வெயிலிடம்தான் யாரும் போய்ச் சொல்ல முடியவில்லை. உச்சி சாய்ந்ததும் நேரே இந்த ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. மேற்குப் பார்த்த ஜன்னல். எதிரே வீடு கிடையாது, மரம் கிடையாது, காலி மனையும் அதற்கப்பால் சத்துவாச்சாரியின் மொட்டைப் பாறை மலையும்தான். வேலூர் வெயில் போதாதென்று மலை வேறு தன் பங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. அவனும் என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. கறுப்புத் துணியில் திரை போட்டான், கண்ணாடியில் பேப்பர் ஒட்டினான், ஒரு வாரம் போர்வையைக்கூடக் கட்டித் தொங்கவிட்டான். இருட்டாகத்தான் இருந்தது, ஆனால் அடுப்புக்குள் இருக்கிற இருட்டு. போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. முன்கண்ணாடிக்கு உள்ளே மறைப்பு வைத்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. வெளியே தார்ப்பாயைப் போட்டு மூடினால் தொட முடிகிறது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான், அப்புறம் அதைத் திரையால் மறைத்து என்ன பிரயோஜனம், அதை வெளியிலேயே, வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கடைப் பையன் ஃபெரோஸ், பையன் என்ன, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், நல்ல மாதிரி. இரண்டு கதவையும் காட்டினான், எத்திராஜ் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஜன்னல் அளவு இதேதான்னா ரெண்டையும் தூக்கிட்டுப் போய் வச்சுப் பாருங்க, சாயங்காலம் கொண்டாந்து குடுங்க, இங்க நின்னு பாத்தா ஒன்னும் தெரியாது" என்றான். ஒன்று முழு அலுமினியத் தகடு, இடுக்கே கிடையாது, சாம்பல் நிறம், மூடினால் மூடினதுதான். இன்னொன்று மரச்சட்டத்துக்குள் சின்னச் சின்னப் பலகைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சாய்த்து அடுக்கினது, பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி. மரக்கதவு பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் இடைவெளி இருக்கிறதே, இடைவெளி இருந்தால் வெளிச்சம் வருமே என்று அதை வேண்டாவெறுப்பாகத்தான் தூக்கி வந்தான். அவனைப் பொறுத்தவரை காலையிலேயே முடிவாகிவிட்டது. அலுமினியம். இருட்டு வேண்டும், சுத்தமான இருட்டு, நடுநிசியை அப்படியே வெட்டி எடுத்துவந்து மத்தியானத்தில் பதித்ததுபோல. ராத்திரியை யாருக்கோ கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு ராத்திரியைத் திருப்பிக் கொடுக்கிற விஷயம் இது, இதில் அழகு பார்ப்பதா.

யாருக்கோ. அந்த யாரோவை ஒரே ஒரு தடவை அவன் பார்த்திருக்கிறான். சாப்பாட்டுக் கூடையை மறந்து போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனபோது, பச்சைக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவை, உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருக்கும், தோலுக்குள் ஓடுவதெல்லாம் தெரிகிறது, கண்ணைக்கூட இன்னும் சரியாகத் திறக்கத் தெரியாதவை. தமயந்தி ஒன்றின்மேல் குனிந்திருந்தாள். அதன் கை அவளுடைய சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, அதில் ஒரு நரம்பைக் கண்டுபிடித்து ஊசியை ஏற்ற வேண்டும். சுற்றி இரண்டு பேர் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் அவசரமே படவில்லை. கட்டைவிரலால் அந்தக் கையை மெதுவாக, மெதுவாக நீவிக்கொண்டே இருந்தாள், ஏதோ அதோடு பேசிக்கொண்டிருப்பதுபோல. அப்புறம் ஒரு நொடி. முடிந்தது. சுற்றி நின்றவர்கள் நிமிர்ந்தபோதுதான் முடிந்ததே அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் ஊசியில் நூல் கோக்கக்கூட அவனைத்தான் கூப்பிடுவாள், கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தேடுவாள், பால் பாக்கெட்டைக் கோணலாக வெட்டிச் சிந்துவாள். அந்தக் கையா இந்தக் கை என்று அன்றைக்குக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அதற்கப்புறம் அவள் சோறு பிசைந்து சாப்பிடும்போது எத்தனையோ தடவை திருட்டுத்தனமாக அவள் விரல்களைப் பார்த்திருக்கிறான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண்டாட்டியின் விரலைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. அவளிடமும் சொன்னதில்லை. நைட் டியூட்டியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் மாற்றிவிடுவார்கள், அந்த அளவுக்கு சர்வீஸ் இருக்கிறது. "ராத்திரியிலதாங்க அதுங்களுக்கு ஆள் வேணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் சொல்கிற காரணம். சண்டை போட இடமே வைக்காத காரணம்.

ஆனால் அந்த சிக்னல். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் தகடு. எத்திராஜ் அலுமினியக் கதவைத் தூக்கி ஜன்னலின் வெளித்திட்டில் வைத்து, துணி காயப்போடுகிற கம்பை முட்டுக் கொடுத்தான். காற்றுக்காகக் கண்ணாடியை ஒரு கையளவு தள்ளி வைத்திருந்தான், மூடுவதற்கு முன் அந்த வழியாக உள்ளே பார்த்தான். அவள் மல்லாந்து படுத்து முழங்கையை மடித்துக் கண்ணின்மேல் போட்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. இன்னும் வெயில் ஜன்னலுக்கு வரவேயில்லை, அதற்குள் இப்படி. தகடு பொருந்தியதும் அறை மறைந்துபோயிற்று. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான், ஒன்றுமே தெரியவில்லை, ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம். வேலியோரம் துணி எடுக்க வந்த கோகிலா அவனைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுவென்று, "இன்னாண்ணே, ஜன்னலையே அடைச்சிட்டீங்க" என்றாள். "அடைக்கல, கதவு போடறேன், உங்கக்கா தூங்கட்டும்னு" என்று இவனும் கிசுகிசுத்தான். கோகிலா கொஞ்ச நேரம் தகட்டைப் பார்த்தாள். "கடைக்கு ஷட்டர் போட்டாப்ல கீது" என்று சொல்லிவிட்டுத் துணியோடு போய்விட்டாள். அவளுக்கென்ன தெரியும். அவள் ராத்திரியில் தூங்குகிறவள். ஊரே ராத்திரியில் தூங்குகிறது, தமயந்தியைத் தவிர, தமயந்தியோடு இன்னும் ஒரு ஆளைத் தவிர.

அந்த சிக்னல் திரும்பவும் வந்துவிட்டது. தமயந்தி டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது சிவப்பு விழுந்ததாம், நின்றாளாம், அப்படியே தூங்கிப் போய்விட்டாளாம். காலை ஊன்றிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டேகூட இருக்கலாம், யாருக்குத் தெரியும். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபோதுதான் முழிப்பு. இதை அவள் இட்லியைத் தொட்டுக்கொண்டே, ஏதோ சட்னியில் உப்பு கம்மி என்பதுபோலச் சொன்னாள். "நின்னுட்டிருந்தப்பதானே, ஓட்டிட்டிருக்கறப்ப இல்லையே" என்று அவளே சமாதானமும் சொன்னாள். மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோதான், ஸ்கூட்டர் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டாள், அதுதான் தமயந்தி, ஒரு தடவை பார்த்துவிட்டால் இரண்டாவது தடவைக்கு இடம் வைக்க மாட்டாள். அவள் அத்தோடு விட்டுவிட்டாள். அவனால் விட முடியவில்லை. அவள் டியூட்டிக்குப் போனதும் படுப்பான், படுத்ததும் அந்த சிக்னல் வரும், சிக்னலில் நிற்பது அவளாக இருக்கும், பச்சை விழும், அவள் நகராமல் நிற்பாள், பின்னால் பஸ். எழுந்து தண்ணீர் குடிப்பான். திரும்பப் படுப்பான். போனை எடுத்துப் பார்ப்பான், என்ன செய்தி வரப் போகிறது, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தானே அவள் உள்ளே போகிறாள், ஆனாலும் பார்ப்பான். விடிந்ததும் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும். போகிறான், வருகிறான், ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குக் காலையில் வேன் ஆயா முனியம்மா பின்சீட்டிலிருந்து, "அண்ணே, ஸ்கூல் தாண்டிப் போறோம்ணே" என்றாள். பிள்ளைகளெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஜன்னல் கதவு யோசனையில் இருந்துவிட்டான், அவ்வளவுதான், அலுமினியமா மரமா என்று யோசித்துக்கொண்டு வந்தவன் கேட்டைக் கவனிக்கவில்லை, யோசனையில் இருப்பதும் தூங்குவதும் ஒன்றா, இல்லையே, கண் திறந்துதானே இருந்தது. இருந்ததா. முந்தின தெருவின் பெட்டிக்கடையைத் தாண்டியது நினைவிருக்கிறது, அப்புறம் முனியம்மாவின் குரல் நினைவிருக்கிறது. நடுவில் ஒரு தண்ணீர்த்தொட்டி உண்டு, ஒரு வேகத்தடை உண்டு. வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியிருக்கும்தானே. ஏறி இறங்கியது உடம்புக்குத் தெரியுமே. எத்திராஜ் தகட்டின்மேல் கையை வைத்தான். வைத்த கையைச் சட்டென்று எடுத்தான். வெயில் எப்போது வந்தது என்றே தெரியவில்லை, தகடு அதற்குள் தோசைக்கல்லாக இருந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது. ஃபேன் மெதுவாகிக்கொண்டே வந்து நிற்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான். தகட்டை எடுத்துவிடலாமா, எடுத்தால் வெளிச்சம் பாய்ந்து விழித்துக்கொள்வாளே, எடுக்காவிட்டால் காற்று இல்லாமல் புழுங்கிப் போவாளே என்று கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரல். உரக்க இல்லை, நடுக்கம் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வைத்தது. "லைட் போயிருக்கு. யாரும் ஓட வேணாம். அவங்கவங்க குழந்தைகிட்டயே நில்லுங்க." எத்திராஜுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது, அந்த வெயிலில். கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டாள் போல. "பையை எடுத்துக்கங்க. அமுக்கு... விடு. அமுக்கு... விடு. நெஞ்சு ஏறுதான்னு மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்." மழைக்கால ராத்திரி. அவனுக்குத் தெரியும், அவள் சொல்லித் தெரியாது, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு நர்ஸ் சொல்லித் தெரியும். ஜெனரேட்டர் அறையில் தண்ணீர் புகுந்து ஆஸ்பத்திரியே இருண்டு போனது, மூச்சு கொடுக்கிற இயந்திரமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது, புதுசாக வந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், அக்காதான் சார் எங்க எல்லாரையும் நிக்க வச்சாங்க, அவங்க கையால பையை அமுக்கி ஒரு குழந்தைக்கு மூச்சு குடுத்துக்கிட்டே, இருட்டுல குரலாலயே நடத்தினாங்க என்று அந்தப் பெண் ரசத்தைக் கலந்துகொண்டே சொன்னாள். மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கு வந்ததும் நினைவிருக்கிறது. கை வலிக்குது, கொஞ்சம் சுடுதண்ணி வைங்க என்றாள், வைத்துக்கொடுத்தான். அவ்வளவுதான் அவனுக்கு அவள் கொடுத்த செய்தி. அந்தக் குரல் இப்போது இந்தத் தகட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. எவ்வளவு பயமாக இருந்தாலும், அந்தக் குரல் நில் என்றால் நிற்கத்தான் தோன்றும், யாருக்கும். அவனும் நின்றான். அமுக்கு என்றபோது அவனை அறியாமல் அவன் கையும் மூடியது, விடு என்றபோது திறந்தது. அப்புறம்தான் சுரணை வந்தது. கம்பைத் தட்டிவிட்டான், தகட்டைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்தான், வைத்த சத்தம் சந்து முழுவதும் அதிர்ந்தது.

உள்ளே தமயந்தி கட்டிலின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வலதுகை இன்னும் அந்தரத்தில் எதையோ பிடித்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்பிக்கு வெளியே இருந்த முகத்தைப் பார்த்தாள். யார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையைப் பார்த்தாள், மடியில் இறக்கிக்கொண்டாள்.

"பகலா?" என்றாள்.

"பகல்தான். மத்தியானம். கரண்ட் போயிடுச்சு. நான்தான்."

"ஒன்னுமே தெரியலைங்க. கண்ணத் தொறந்தா தொறந்தது மாதிரியே இல்ல. வார்டுன்னு நெனச்சிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏதாச்சும் உளறினேனா?"

"இல்ல" என்றான் எத்திராஜ். அப்புறம், "உளறல" என்றான். இரண்டும் ஒன்றில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கேட்காததை அப்போது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அந்த மழை ராத்திரியில, நீ கையில வச்சிருந்தியே, அந்தக் குழந்தை என்னாச்சு?"

அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. "டிஸ்சார்ஜ் ஆகிப் போச்சு. பொம்பளப் புள்ள. போறப்ப நல்லா கத்திக்கிட்டுப் போச்சு" என்றாள். சொல்லும்போது முகத்தில் தூக்கம் கலைந்த வீக்கத்தோடேயே ஒரு சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டும்போல எவ்வளவோ இருந்தது, அந்த விரல்கள், அந்தக் கண்ணாடி, இப்போது கேட்ட குரல். "கதவு பாக்கறேன், இந்த ஜன்னலுக்கு" என்றுதான் வாயில் வந்தது. "ரெண்டு கொண்டாந்தேன். இந்தத் தகடு நல்லா இருட்டு குடுக்குது. காத்துதான் இல்ல."

"எனக்கு இருட்டு வேணாங்க" என்றாள் தமயந்தி. "இருட்டைத்தான் ராத்திரி பூரா பாக்கறேனே. முழிச்சா பகல்னு தெரியணும். வெளிய ஊரு நடக்குது, எல்லாரும் முழிச்சிருக்காங்க, எனக்கு இப்ப யாரையும் பாத்துக்க வேண்டிய வேலை இல்லன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. வெயில் மட்டும் மேல விழாம இருந்தா போதும்."

இத்தனை நாளும் போர்வையும் கறுப்புத் துணியும் கட்டினானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஆசையாகக் கட்டுகிறவனிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பாள். எத்திராஜ் மரக்கதவைத் தூக்கித் திட்டில் வைத்தான். சாய்ந்த பலகைகளில் வெயில் விழுந்து அங்கேயே நின்றது. இடைவெளியில் தரையின் வெளிச்சம் மட்டும், சூடெல்லாம் கழன்றுபோய், கீழிருந்து மேலாக உள்ளே ஏறியது. கூடவே காற்றும், கொஞ்சம்தான், ஆனால் காற்று. அறையின் உட்கூரையில் மங்கலாக வரிவரியாக வெளிச்சம் படர்ந்தது. "இது நல்லாருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, இது வீட்டுக் குரல். "இதையே சொல்லிடுங்க." பலகைகளுக்கு இடையே அவள் படுப்பது துண்டுதுண்டாகத் தெரிந்தது, ஒரு தோள், ஒரு வளையல். அவன் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, அது சறுக்காமல் இருக்கிறதா என்று ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டே நின்றான். தலையில் வெயில். நின்றுவிடலாம், வேனை எடுக்கிற மூன்று மணி வரைக்கும்கூட இப்படியே நின்றுவிடலாம்போல இருந்தது.

"இன்னும் அங்கதான் நிக்கறீங்களா?"

"கம்பு சறுக்கிடுமோன்னு பாக்கறேன். நீ தூங்கு."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். "காலையில ஸ்கூலைத் தாண்டிப் போயிட்டீங்களாமே" என்றாள் தமயந்தி.

"யாரு, முனியம்மாவா?"

"அது யாரா இருந்தா என்ன. வாரம் முழுக்க உங்க கண்ணைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். கண்ணுக்குக் கீழ எவ்வளவு கறுத்துப் போயிருக்கு. நேத்து சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் போனீங்க. காலையில லாக்கரைத் திறந்து போனை எடுத்தா, வாட்ஸ்அப்ல நீங்க ஒரு நாள் மூணு மணிக்கு, ஒரு நாள் நாலு மணிக்குக் கடைசியாப் பாத்தது எல்லாம் தெரியுது." பதற்றம் இல்லை, குற்றம் சொல்வது இல்லை, வார்டில் ஒரு ராத்திரியின் குறிப்புச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தாள். "நான் தூங்கணும்னு ஊரையே வாயடைக்க வச்சிட்டு நீங்க தூங்காம இருந்தா எப்படிங்க. வேன்ல அத்தனை புள்ளைங்க."

வெயிலில் நிற்கிறவனுக்கு முகம் சிவந்தால் யாருக்கும் தெரியாது என்பது மட்டும்தான் ஆறுதலாக இருந்தது. அவள் என்னை எப்போது பார்த்தாள், எந்நேரமும் நானல்லவா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மத்தியான ட்ரிப்புக்கு உங்க ஃப்ரெண்ட் லோகுவை அவர் வேனை எடுத்துட்டுப் போகச் சொல்லிப் போன் பண்ணுங்க. பண்ணிட்டு உள்ள வாங்க."

"நீ தூங்கணுமே. நான் வந்து படுத்தா..."

"வாங்கன்றேன்ல."

அந்தக் குரலாகவே இருந்தது இப்போதும், இருட்டில் நிற்க வைக்கிற குரல். எத்திராஜ் லோகுவுக்குப் போன் செய்தான். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, சரி என்றான். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது கரண்ட் வந்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தமயந்தி சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டிருந்தாள். படுத்தான். பகலில் படுத்து எத்தனை காலமாயிற்று, குற்றம் செய்கிறாற்போல இருந்தது. அவள் கை வந்து அவன் கையைப் பிடித்தது, கட்டைவிரல் மணிக்கட்டின் உட்பக்கத்தை மெதுவாக, மெதுவாக நீவியது, அவசரமே இல்லாமல். கொஞ்ச நேரத்தில் நீவுவது நின்றது, அவள் மூச்சு நீண்டது, பிடி மட்டும் விடவில்லை. தூங்கிவிட்டாள். வெளியே வெயிலில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், எங்கேயோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது, ஊர் நடக்கிறது. எத்திராஜ் கூரையில் வரிவரியாக இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வரிகள் ஒன்றோடொன்று மங்கிக் கலந்தன. ஃபெரோஸிடம் மரம்தான் என்று சொல்லிவிட வேண்டும், கீல் நல்லதாகப் போடச் சொல்ல வேண்டும், உள்ளேயிருந்தே திறக்கிறாற்போல ஒரு கொக்கி, நிறம் என்ன அடிப்பது, பச்சை அடிக்கலாம், பச்சை எல்லாரும் அடிக்கிறார்கள், வெள்ளை, வெள்ளை அழுக்காகும், ஆகட்டும், துடைத்துக்கொள்ளலாம், அவளைக் கேட்க வேண்டும், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான், எழுந்ததும் முதல் வேலையாக அவளை...